மலை தமிழருடையது, அலை யாருடையது?

பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானலில் ஒரு வானொலி நிலையம் இருக்கின்றது. 100.5 மெகா எர்ட்சு என்னும் அலைவரிசையில், 10 கிலோவாட் ஆற்றலோடு அது பேசுகின்றது. மதுரைத் தேநீர்க் கடையிலும், கம்பம் பள்ளத்தாக்கின் கொடிமுந்திரித் தோட்டத்திலும், திண்டுக்கல் பூட்டுப் பட்டறையிலும், நெடுஞ்சாலையில் ஓடும் சரக்குந்திலும் ஒரே நேரத்தில் அதன் குரல் ஒலிக்கின்றது. குரல் தமிழ்க்குரல், கேட்கும் செவி தமிழ்ச்செவி, நிற்கும் மலை தமிழ்மலை. ஆனால் அந்நிலையம் எந்த நேரத்தில் எதைப் பேசவேண்டும், தன்னை எப்பெயரால் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தில்லியில் அமர்ந்திருப்பவர்! இம்முரண்பாட்டை ஒவ்வொரு நாளும் செவியாற் கேட்டும் தமிழன் உள்ளத்தாற் கேட்டிலன்.

அம்மலையின் பெருமை இன்று நேற்றையதன்று. கழக இலக்கியம் பாடும் கோடைமலை இதுவே என்பர் அறிஞர். கடிய நெடுவேட்டுவன் என்னும் தலைவன் அதனை ஆண்டான். பெருந்தலைச் சாத்தனார் அவனைப் பாடினார். மலையடியிலுள்ள பழனி, அன்றைப் பொதினி. ஆவியர் குடியின் ஊர். மயில் குளிரால் நடுங்கிற்று என எண்ணிப் போர்வை ஈந்த பேகன் அக்குடியிற் பிறந்தவன். இத்துணைப் பழம்பெயர்களின் மேல் அயலார் பெயர்கள் எவ்வாறு படிந்தன? 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கச் சமயப் பணியாளர் வெயிலுக்கு அஞ்சி மலையேறி வீடு கட்டினர். 1863-இல் இலெவிஞ்சு என்னும் ஆங்கில அலுவலர் ஏரி அமைத்தார். 1872-இல் கோக்கர் என்பார் ஒரு நடைபாதை அமைத்தார். அது இன்றும் 'கோக்கர்சு வாக்கு' என்றே வழங்குகின்றது. ஏரி வெட்டியது நன்று. பாதை போட்டதும் நன்று. ஆனால் தூண்பாறை என்று அழகாகத் தமிழர் சொல்லி வருவதைப் 'பில்லர் ராக்சு' என்று சொன்னால்தான் சுற்றுலா வந்தவனுக்குப் பெருமை என்று எண்ணும் அடிமைத்தனம் ஏரியோடும் பாதையோடும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதன்று.

1990-களில் அம்மலை மேல் ஏறிய பண்பலை நிலையம் இப்பழியைத் துடைத்திருக்கக் கூடிய கருவி. அக் கருவியின் ஆற்றலை முதலில் அறிதல் வேண்டும். நடுவலை ஒலிபரப்பு நிலத்தை ஒட்டித் தவழ்ந்து செல்வது. பண்பலையோ கண்பார்வை போன்றது. அலைபரப்பிக் கம்பத்தின் உச்சியினின்று அடிவானம் எவ்வளவு தொலைவு தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவு தொலைவே அது செல்லும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கம்பம் நட்டால் அடிவானம் 36 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 2,100 மீட்டர் உயரத்தில் நின்று நோக்கின், இடையில் வேறு மலை மறிக்காவிடில், அது 160 கிலோமீட்டருக்கு மேல் விரியும். காற்று மண்டிலம் அலையைச் சற்றே வளைப்பதனால் இன்னும் சற்று நீளும். மற்ற நிலையங்கள் ஒரு நகரோடும் அதன் சுற்றூர்களோடும் நின்றுவிடக் கொடைக்கானல் நிலையம் தென்தமிழகத்தின் பெரும்பகுதியையும் கொங்கு நாட்டின் ஒரு பகுதியையும் ஒருங்கே அளாவி நிற்கின்றது. இவ்வுயரத்தைக் கொடுத்தது தில்லியன்று, இயற்கை. அலைபரப்பியை எவரும் விலைக்கு வாங்கலாம். மலையை எவர் வாங்குவது?

இந்நிலையம் செய்த ஒரு நன்மையை மறைத்தல் நேர்மையன்று. அலையின் வீச்சை மாற்றாது அதன் அதிர்வெண்ணை ஒலிக்கேற்ப மாற்றும் முறைக்கு ஆங்கிலர் சூட்டிய பெயர் இரு எழுத்துகளாய்ச் சுருங்கி 'எஃப்.எம்.' என்று ஊரெங்கும் பரவிற்று. தமிழறிந்தார் அதனைப் பண்பேற்றம் என்னும் சொல்லினின்று பண்பலை என்றாக்கினர். அகராதிக்குள் உறங்கியிருக்க வேண்டிய சொல் அது. நாள்தோறும் பலமுறை 'கொடைக்கானல் பண்பலை' என்று அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல, கல்லாத உழவன் வாயிலும் அச்சொல் ஏறிற்று. மாடு மேய்ப்பவர் சொல்கின்றார். பூக்கட்டும் பெண்டிர் சொல்கின்றனர். தூய தமிழ் மக்களுக்கு விளங்காது, புலவர்க்கே உரியது என்று நாள்தோறும் ஓதும் அறிவாளிகள் இதற்கு என்ன விடை சொல்வர்? விளங்காதிருப்பது சொல்லின் குற்றமன்று, ஒலிக்காதிருப்பதன் குற்றம். ஒலித்தால் விளங்கும், விளங்கினால் வழங்கும். கொடைக்கானலே அதற்குச் சான்று.

இவ்வாறிருக்க, தில்லி செய்தது என்ன? இந்நிலையத்தைத் தன் பட்டியலில் 'எஃப்.எம். ரெயின்போ' வரிசையில் வைத்தது! வானவில் என்னும் சொல்லைக் காட்டிலும் 'ரெயின்போ' எவ்வகையிற் சிறந்தது? வானவில்லைக் குறிஞ்சி நிலத்தான் முதன்முதலில் ஆங்கிலன் வந்தபின்பா கண்டான்? அது கிடக்கட்டும். 2023 மே மாதம் மேலும் ஓர் ஆணை வந்தது: இனி ஒலிபரப்பில் 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயர் வேண்டா, 'ஆகாசவாணி' என்பது ஒன்றே பெயர். 1990-ஆம் ஆண்டுப் பிரசார் பாரதிச் சட்டத்திலேயே அப்பெயர் இருக்கின்றது என்று அதற்கு அமைவு கூறினர். ஆங்கிலப் பெயர் போயிற்று என்று மகிழ்வதற்கில்லை. ஒரு விலங்கைக் கழற்றி மற்றொரு விலங்கைப் பூட்டினால் அது விடுதலையாகாது.

அச்சொல்லின் பொருளை நோக்குக. தொன்மக் கதைகளில் ஆகாசவாணி என்பது உருவம் தெரியாது வானத்தினின்று வரும் தெய்வக் குரல். அது சொல்லும், கேட்பவன் கேட்டு அடங்குவான். 'நீ யார், ஏன் சொல்கின்றாய்' என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. 1935-இல் மைசூரில் கோபாலசாமி என்னும் உளநூற் பேராசிரியர் தாம் நடத்திய சிறு நிலையத்திற்கு அப்பெயரைச் சூட்டினார். 1950-களில் நடுவணரசு அதனை இந்திய ஒலிபரப்பு முழுமைக்கும் ஏற்றது. தமிழகத்தில் அன்றே எதிர்ப்பு எழுந்தது. தமிழக நிலையங்கள் 'வானொலி நிலையம்' என்றே தம்மை அறிவித்து வந்தன. தில்லியினின்று வரும் தமிழ்ச் செய்தி மட்டும் 'ஆகாசவாணி' என்று தொடங்கும். வான் + ஒலி. குழந்தைக்கும் விளங்கும் பெயர். அதில் தெய்வமும் இல்லை, திரையும் இல்லை. பேசுவோன் மாந்தன், கேட்போன் மாந்தன் என்பது அப்பெயரிலேயே அமைந்து கிடக்கின்றது. ஓரவையிற் பேசுவோரும் கேட்போரும் போல, தொலைப்பேசி வழியே அறிவிப்பாளரோடு நேயர் உரையாடும் நிலையத்துக்கு அசரீரியின் பெயர் எதற்கு?

'பெயரில் என்ன இருக்கின்றது' என்பார் உளர். அன்னவர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். பெயரில் ஒன்றும் இல்லையெனின், தில்லி ஏன் அதை மாற்ற ஆணையிடுகின்றது? ஆளுவோர்க்குப் பெயரின் வலிமை தெரியும், ஆளப்படுவோர்க்குத்தான் தெரியவில்லை.

தமிழகத்தின் வானொலி தில்லி தந்த கொடையன்று என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். 1924 மே 16-இல் சென்னையில் கிருட்டிணசாமி செட்டியார் முயற்சியால் ஒரு வானொலிக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு சூலை 31-இல் அதன் ஒலிபரப்பு தொடங்கிற்று. அரசு பணம் அன்று, தனியார் ஆர்வம். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் கழகம் ஒடுங்க, அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று 1930 ஏப்பிரலில் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மாநகராட்சி ஒன்று தானே வானொலி நடத்திய காலம் அது! 1938-இல்தான் நடுவண் நிலையம் சென்னைக்கு வந்தது, 1939-இல் திருச்சிராப்பள்ளிக்கு. மாநகராட்சிக்கு இருந்த உரிமை இன்று மாநில அரசுக்கு இருக்கின்றதா?

இல்லை. இருந்ததைவிடவும் இழிந்த நிலை. வெள்ளையன் வகுத்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, தம் எல்லைக்குள் அலைபரப்பி அமைக்கவும் பயன்படுத்தவும் மாநிலங்களும் மன்னர் அரசுகளும் வேண்டினால், நடுவணரசு தக்க ஏதுவின்றி மறுத்தலாகாது என்று கூறிற்று. மைசூர், ஐதராபாத்து, திருவிதாங்கூர் ஆகிய அரசுகள் தத்தம் நிலையங்களை நடத்தின. விடுதலை வந்தது, அரசியலமைப்பு 1950-இல் வந்தது. அதன் ஏழாம் அட்டவணையில், நடுவணரசுப் பட்டியலின் 31-ஆம் பதிவில், அஞ்சல், தொலைவரி, தொலைப்பேசியோடு ஒலிபரப்பும் முழுமையாய்ப் புகுந்துகொண்டது. அயலான் கதவில் ஒரு சிறு திறப்பாவது வைத்திருந்தான். 'நம்மவர்' வந்து அதையும் அடைத்தனர். கூட்டாட்சி என்று சொல்லிக்கொள்ளும் நாடு வானத்தைப் பொறுத்தவரையில் ஒற்றையாட்சியே.

ஒற்றையாட்சி என்ன செய்யும் என்பதற்கு 1952 ஒரு பாடம். அன்றைய ஒலிபரப்பு அமைச்சர் கேசுகர் திரைப்பாடல்களை வானொலியினின்று ஒதுக்கினார். திரைப்பாட்டின் கீழ்மையை வெறுப்பார்க்கு அது முதலில் இனிக்கவே செய்யும். ஆனால் ஒதுக்கிய இடத்தில் அவர் எதை வைத்தார்? தமிழிசையையா? தேவாரப் பண்களையா? தெம்மாங்கையா? அவர் செவ்வியல் என்று கருதிய வடபுல இசையும் கருநாடக இசையுமே முன்னின்றன. மக்கள் செவியை எவரும் பூட்டி வைக்க முடியாதாகலின், தமிழர் கடல் கடந்து இலங்கை வானொலிக்குத் திரும்பினர். மயில்வாகனம் தொடங்கி கே. எசு. இராசா, அப்துல் அமீது வரையிலான அறிவிப்பாளர்களின் தெளிந்த தமிழ் தமிழக வீடுகளில் ஒலித்தது. தன் நாட்டு நிலையத்தில் கிடைக்காத நற்றமிழை அயல்நாட்டு நிலையத்திற் கேட்ட இனம் உலகில் வேறெங்கேனும் உண்டா? (அவ்விலங்கை நிலையமும் 'கூட்டுத்தாபனம்' என்று பாதித் தமிழும் பாதி வடமொழியுமாய்ப் பெயர் பூண்டது வேறு கதை.) 1957-இல் தில்லி விழித்து 'விவித பாரதி'யைத் தொடங்கிற்று. பாட்டைத் திருப்பித் தந்தது. பெயரை மட்டும் வடமொழியில் வைத்துக்கொண்டது.

தமிழிசை இயக்கத்தார் அதற்கு முன்பே எச்சரித்தனர். 1940-களில் அண்ணாமலை அரசர் தலைநின்று நடத்திய அவ்வியக்கம், மேடையில் மட்டுமன்றிச் சென்னை, திருச்சி வானொலி நிலையங்களிலும் தமிழ்ப்பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று கேட்டது. தமிழ்நாட்டில் தமிழ்ப்பாட்டுக்கு இடம் கேட்க ஓர் இயக்கம் வேண்டியிருந்தது என்பதே வெட்கக்கேடு. ஆபிரகாம் பண்டிதர் 1917-இலும் விபுலானந்த அடிகள் 1947-இலும் பெருநூல்கள் எழுதி நிறுவிய இசைச்செல்வம் நூலகத்தில் தூங்குகின்றது.

இங்கு அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்று பயன்படும். 1980-களில் அந்நாட்டு வானொலித் துறையில் 'கிளாசிக் ராக்' என்று ஒரு வகை நிலையம் தலையெடுத்தது. 1960-களிலும் 1970-களிலும் வெளிவந்த ராக் இசைப் பாட்டுகளையே பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் நிலையங்கள் அவை. அப்பாட்டுகட்கு அன்று அகவை பத்தோ இருபதோதான். ஆயினும் அவற்றைச் செவ்வியல் என்று அழைக்க அம்மக்கள் கூசவில்லை. தனி நிலையம் கட்டினர்; பெயர் சூட்டினர்; தம் இளமைக் காலத்து இசையைத் தம் மக்கட்குக் கொடுத்தனர். அவ்விசையின் தகுதி இங்கு ஆராய்ச்சிக்குரியதன்று. இருபதாண்டுப் பாட்டைக் காக்க ஓரினம் அலைவரிசைகளை ஒதுக்கிக்கொள்ள, 2004-இல் செம்மொழி என்று நடுவணரசே ஒப்பிய மொழிக்குரிய இனம், தன் ஈராயிரமாண்டு இசைக்கென்று ஓர் அலைவரிசையும் இல்லாது நிற்கின்றது! கொடைக்கானலில் பழைய திரைப்பாடல்கள் இரவில் ஒலிப்பதைச் செவ்வியல் ஒலிபரப்பு என்று எவரேனும் சொன்னால், அது பசித்தவன் கையில் படத்திலெழுதிய சோற்றைக் கொடுப்பது போலாம்.

திரைப்பாட்டு எல்லாம் தீது என்பதன்று வழக்கு. கொடைக்கானல் அலை தொடும் நிலப்பரப்பை எண்ணுக. உடுமலை நாராயணகவி பிறந்த பூளவாடி அதனருகே. கண்ணதாசன் பிறந்த சிறுகூடற்பட்டி ஒருபுறம். இளையராசா பிறந்த பண்ணைப்புரம் மறுபுறம். இம்மண்ணின் தெம்மாங்கும் ஏற்றப்பாட்டும் ஒப்பாரியும் அவர்கள் செவியில் விழுந்து பின்பு திரையில் ஏறின. வேரிருக்க, வானொலி கிளையை மட்டும் ஒலிபரப்பிக்கொண்டிருப்பது ஏன்? மலைமேல் வாழும் பளியர்க்குத் தமக்கென்று பாட்டும் ஆட்டமும் உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் ஊர்களில் வாழ்வோர்க்கு மலைவாழ்வின் சொற்கள் எத்துணையோ உண்டு. குறிஞ்சித்திணையின் வாழும் அகராதி அலைபரப்பிக் கம்பத்தின் அடியிலேயே நடமாடுகின்றது. அதை நாள்தோறும் ஒரு மணிநேரம் ஒலிபரப்பினால் ஒருகாசும் மிகுதியாய்ச் செலவாகாது. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை, கடைசியாய் 2018-இல், குறிஞ்சி பூத்தபோது சுற்றுலாக்காரர் வந்து படம் பிடித்துப் போயினர். பூவுக்குக் கிடைத்த பார்வை அப்பூவின் நிலத்து மொழிக்குக் கிடைக்கவில்லை.

வானொலி உழவர்க்குச் செய்யக்கூடியதைத் திருச்சிராப்பள்ளி காட்டியது. 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதுநெல் தஞ்சை வயல்களில் பரவியதற்கு அந்நிலையத்தின் உழவர் நிகழ்ச்சி பெருந்துணை நின்றது. உழவர் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டனர். வானொலி நெல் என்று சொல்லியிருக்கலாம் என்று ஒருவர் குறைபடலாம். அக்குறை உழவனுடையதன்று, அவன் செவியில் அச்சொல்லை ஊற்றியவர்களுடையது. நிலையம் உழவன் மொழியிற் பேசிற்று, உழவன் நம்பினான், விளைந்தது. பின்னர்த் தென்கச்சி கோ. சுவாமிநாதன் திருநெல்வேலி நிலையத்தில் உழவர்க்கு உரைப்பவராய்ப் பணி தொடங்கித் தமிழகம் முழுதும் அறிந்த குரலானார். எளிய தமிழில், ஆங்கிலம் தூவாது, சிரிக்கவும் எண்ணவும் வைத்த குரல் அது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பூண்டை விளைவிப்பவனுக்கு மழைக்குறிப்பும் சந்தை விலையும் அவன் சொற்களிலேயே சொல்ல, மலைமேலிருக்கும் நிலையத்தைக் காட்டிலும் ஏற்றது எது?

தனியார் நிலையங்களின் பக்கம் திரும்பினால் நெஞ்சு கொதிக்கும். வானலை பொதுமக்கள் சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. பொதுமக்கள் சொத்தைத் தில்லி என்ன செய்தது? ஏலம் விட்டது. எடுத்தவர் பெயர் வைத்தனர். கழகம் வைத்துத் தமிழாய்ந்த மதுரையில் 'மிர்ச்சி' என்று ஒரு நிலையம்! மிளகாய்க்குத் தமிழில் பெயரில்லையா? மற்றொன்று 'அலோ எஃப்.எம்.' என்று அழைக்கின்றது. இந்நிலையங்களில் ஒலிக்கும் பேச்சோ தமிழ் வினையில் ஆங்கிலப் பெயரைக் கோத்துத் தொடுத்த கந்தல். இளைஞர் அதைத்தான் விரும்புகின்றனர் என்பது அவர் கூறும் அமைவு. இளைஞர் கேட்பதைத் தருகின்றனரா, தருவதைக் கேட்குமாறு பழக்குகின்றனரா? பண்பலை என்னும் சொல் பரவிய வகையை முன்பே கண்டோர்க்கு விடை தெரியும்.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் உள்ள சிங்கப்பூரில் தமிழ் நிலையத்தின் பெயர் 'ஒலி'. மலேசிய அரசு நடத்தும் தமிழ் நிலையத்தின் பெயர் 'மின்னல்'. சீனரும் மலாயரும் பெரும்பான்மையராய் வாழும் நாடுகளில் தமிழ்ப்பெயர் தமிழாய் நிற்கின்றது. தமிழர் பெரும்பான்மையராய் வாழும் நாட்டில் அது 'மிர்ச்சி'யாகவும் 'ரெயின்போ'வாகவும் 'ஆகாசவாணி'யாகவும் ஆகின்றது.

செய்தியின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தனியார் பண்பலை எதுவும் தன் செய்தியைத் தானே தொகுத்து ஒலிபரப்பலாகாது. நடுவண் வானொலியின் செய்தியை மாற்றாது அஞ்சல் செய்யவே இசைவு. கல்வி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தத்தக்க குமுகாய வானொலி என்று ஒன்று உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004-இல் அதனைத் தொடங்கி வழிகாட்டிற்று. அதற்குத் தில்லி வகுத்த அளவு 100 வாட். கொடைக்கானல் நிலையத்தின் ஆற்றல் 10,000 வாட். நூறில் ஒரு பங்கு! தில்லி பேசினால் பத்து மாவட்டம் கேட்கலாம்; ஊரார் பேசினால் ஊர் கேட்டாற் போதும் என்பதே இதன் பொருள்.

கொடைக்கானல் நிலையத்திற் பணிபுரியும் தமிழர்மேல் இங்குக் குற்றமில்லை. 'பண்பலை' என்று முதலில் வாய்திறந்து சொன்னவர் அவர்கள்தாம். ஆணை அவர்தம் கையில் இல்லை. ஆணை எங்கிருக்கின்றதோ அங்கே தட்டவேண்டும். ஏழாம் அட்டவணையின் 31-ஆம் பதிவினின்று ஒலிபரப்பைப் பிரித்து மாநிலத்துக்கும் உரிமை வழங்கவேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றி அனுப்பட்டும். வெள்ளையன் 1935-இல் ஒப்பியதைத் தில்லி ஏன் ஒப்பவில்லை என்று தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் அவையில் எழுந்து கேட்கட்டும். அதுவரையில், கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கின்றது. மலையடியில் காந்திகிராமம் இருக்கின்றது. பளியர் பாட்டையும் மலையூர்ச் சொற்களையும் அவர்தம் மாணவர் ஒலிப்பதிவு செய்து நிலையத்தின் வாயிலிற் கொண்டு வைக்கட்டும். நேயர் மடல் எழுதுவோர் உறையின்மேல் 'வானொலி நிலையம், கொடைக்கானல்' என்றே முகவரி எழுதட்டும். தொலைப்பேசியில் அழைப்போர் 'வணக்கம், கொடைக்கானல் பண்பலையா?' என்றே பேச்சைத் தொடங்கட்டும். அஞ்சற்காரரும் சேர்ப்பார், அறிவிப்பாளரும் விடை தருவார். அதற்குத் தில்லியின் ஆணை வேண்டுவதில்லை.